பச்சை விளக்கும் பத்து நாள் எண்ணெயும்

ஜூலை 3, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். ஐந்தே முக்காலுக்கு வேனை எடுக்கும்போதே முதுகு நனைந்துவிட்டது. செலண்டாரிலிருந்து தோட்டம் தோட்டமாக நிறுத்தி, ஜாசின் பள்ளிக்கூடம் வரை பதினான்கு பிள்ளைகள். ஒன்றுக்கும் வாந்தி இல்லை. நல்ல நாள் என்றுதான் நினைத்தேன்.

மத்தியானம் தம்பி சரவணன் வந்தான். கையில் ஒரு கட்டு விளம்பரத் தாள். புரட்டினால் அதில் என் முகம். போன பொங்கலுக்கு எடுத்த படம். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரை வெட்டி எறிந்திருக்கிறான், அவருடைய தோள் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. கீழே பெரிய எழுத்தில், ‘மாதம் ஒரு முழு டேங்க் மிச்சம்! பள்ளி வேன் ஓட்டுநர் பரமேஸ்வரி.’

“நான் எப்படா ஒரு டேங்க்குன்னு சொன்னேன்?”

“நீதானேக்கா சொன்ன, நல்லா மிச்சமாவுதுன்னு.”

“நல்லான்னா ஒரு டேங்க்கா?”

“கொஞ்சம் ஏத்தித்தான் போடணும் லா. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க.”

மிச்சமாகிறது என்று சொன்னது நான்தான். பொய் இல்லை. ஜூன் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, தான் விற்கிற பெட்டி ஒன்றை அவனே வந்து வேனில் மாட்டினான். சிகரெட் பற்றவைக்கிற ஓட்டையில் செருகுவது, முட்டை அளவுதான், பச்சை விளக்கு எரியும். கரண்டைச் சீராக்கி பெட்ரோல் எண்ணெயை மிச்சப்படுத்துமாம். அதற்கு முன் வேனுக்கு ஒரு நாள் ஓட்டத்துக்குப் பதினொன்றரை லிட்டர் போகும். அதற்குப் பின் பத்து, பத்தேகால். என் கண்ணால் பார்த்தது. பார்த்ததைத்தான் சொன்னேன். கேட்டு எட்டுப் பேர் வாங்கினார்கள்.

19ஆம் தேதி ஜாசினில் அந்தப் பெட்டிக் கம்பெனியின் கூட்டமாம். நான்தான் முதலில் பேசவேண்டுமாம். அது நன்றாக நடந்தால் இவனை இந்த வட்டாரத்துக்குத் தலைவனாக்குவார்களாம். ஆயர் கெரோவில் பத்து வருஷம் பார்த்த பேக்டரி வேலையை ஏப்ரலில் விட்டுவிட்டான். மனைவி கவிதாவுக்கு இப்போது ஐந்து மாதம்.

சரி என்று சொல்லி அனுப்பினேன். அவன் போனதிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. மூன்று முறை அடுப்பைத் துடைத்திருக்கிறேன்.

ஜூலை 4, சனி

வெயில். பாசாரில் கூட்டம். டுரியான் பழம் குவித்திருக்கிறார்கள். வீட்டுக்காரருக்குப் பிடிக்கும், வாங்கவில்லை. வேன் நாறிவிடும், பிள்ளைகள் கத்தும்.

மீன் கடையில் தேவியைப் பார்த்தேன். எட்டுப் பேரில் முதலில் வாங்கியவள். தனியாக ஒரு மகளை வளர்க்கிறாள், மகள் என் வேனில்தான் வருகிறாள். தினமும் ஜாசினிலிருந்து கையுறைத் தொழிற்சாலைக்குப் பழைய காரில் போய் வருகிறாள்.

“அக்கா, சிக்னல்ல நின்னா காடி கடகடன்னு ஆடுது. உங்க தம்பிகிட்ட கேட்டேன். ஒரு மாசம் போவட்டும், பெட்டி எஞ்சினைத் தானா கிளீன் பண்ணிரும்னாரு.”

“சர்வீஸ் போட்டியா?”

“அதுக்கு வச்சிருந்ததுலதானேக்கா பெட்டி வாங்கினேன். நீங்க சொன்னீங்கன்னுதான்.”

சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் பார்த்தேன், மீனை வாங்காமலே வந்திருக்கிறேன்.

சாயங்காலம் பெட்டியோடு வந்த தாளை எடுத்து, முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். ‘சிறந்த பலனுக்கு’ என்று பின்பக்கம் பொடி எழுத்தில்:

– டயரில் காற்று சரியாக இருக்கட்டும்.
– தேவையில்லாத சுமையை இறக்கிவிடவும்.
– மெதுவாக வேகம் கூட்டவும், திடீர் பிரேக் வேண்டாம்.
– நிறுத்தியிருக்கும்போது எஞ்சினை அணைக்கவும்.

எல்லாம் நான் செய்தது! அன்று சரவணனே டயருக்குக் காற்றடித்தான். பின்னால் கிடந்த உடைந்த சீட்டையும் தண்ணீர்ப் போத்தல் பெட்டிகளையும் இறக்கி வைத்தான். ‘ஒரு மாசத்துக்கு மெதுவா ஓட்டுக்கா, பெட்டி பழகணும்’ என்றான். பள்ளி வாசலில் ஏர்கானோடு அரைமணி உறுமிக்கொண்டு நிற்பதையும் விட்டேன்.

அப்படியானால் மிச்சம் பண்ணியது எது?

இதைக் கேட்டிருக்கவே கூடாது. இனி விடாது.

ஜூலை 5, ஞாயிறு

மேகமூட்டம், மழை இல்லை. சண்டை.

என் வீட்டுக்காரர் மணியம் பாமாயில் பிழிகிற செம்பனை ஆலையில் சார்ஜ்மேன். கரண்டு அவர் தொழில். பெட்டி வந்த அன்றே சொன்னார், “காடிக்குக் கரண்டு குடுக்கிறதே எஞ்சின்தான். அதுகிட்டயே வாங்கி அதுக்கே குடுத்தா மிச்சம் எங்கேருந்து வரும்?” அன்று நான் காது கொடுக்கவில்லை. இன்று நானே போய்க் கேட்டேன், எப்படித் தெரிந்துகொள்வது என்று.

“பெட்டி இருக்கா இல்லையான்னு உனக்கே தெரியாம ஓட்டணும். தெரிஞ்சா கால் தானா மெதுவா மிதிக்கும். நான் தினம் மாட்டியும் கழட்டியும் வைக்கிறேன், உனக்குச் சொல்லமாட்டேன். பத்து நாள் ஓட்டு.”

நல்ல யோசனைதான். ஆனால் வாயில் வந்தது வேறு. “நீங்க வேணாம். உங்களுக்கு என் தம்பியைக் கண்டா ஆகாது.”

“கல்யாணமாகி பதினெட்டு வருஷம். என்னை நம்பலையா?” என்றார். நம்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். “ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு ஆள் வேணும்” என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பொதுவான ஆள் யார்? பாத்திமா அக்கா. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் மளிகைக் கடை, காலையில் அங்கேதான் வேனைப் போடுவேன். தெங்கேராவில் பிறந்து கல்யாணமாகி ஜாசின் வந்தவர். கார் ஓட்டத் தெரியாது. சரவணனையும் தெரியாது, இவரையும் தெரியாது. போன் பண்ணினேன்.

“நான் என்னம்மா செய்யணும்?”

“என்னை ஏமாத்தணும் அக்கா.”

“அடியாத்தே! பத்து நாளைக்கா? செய்றேன்.”

ஜூலை 6, திங்கள்

ஆரம்பம். எட்டு மணி. பிள்ளைகளை இறக்கிவிட்டு, கடைக்கு எதிரே இருக்கிற எண்ணெய் ஸ்டேஷன், மூன்றாம் பம்ப். முதல் ‘டக்’ வந்ததும் நிறுத்து. அதற்குமேல் ஒரு சொட்டும் இல்லை. தினமும் இதே பம்ப், இதே நேரம்.

பிறகு நான் கடைக்குள் போய் முதுகைக் காட்டி நிற்கவேண்டும். பா. அக்கா வேனில் ஏறி, ஓட்டையில் பெட்டியையோ பழைய போன் சார்ஜரையோ செருகி, மேலே கறுப்புத் துணிப்பையைப் போட்டு ரப்பரால் கட்டிவிடுவார். விளக்கு தெரியாது. எது என்று தன் கடன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்வார். ஐந்து நாள் அது, ஐந்து நாள் இது. வரிசை அவர் இஷ்டம்.

பின்சீட்டுப் பிள்ளைகள்: “டீச்சர், அது என்ன பைக்குள்ள?” என்னை ஏன் டீச்சர் என்கிறார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. “கைவைக்காதே” என்றேன். அவ்வளவுதான், வீடு போய்ச் சேரும்வரை அதே பேச்சு. பாம்பு என்று முடிவு செய்துவிட்டார்கள்.

ஜூலை 7, செவ்வாய்

நேற்றையது 10.0 லிட்டர். மனம் துள்ளியது. பெட்டி இருந்திருக்கும்!

இப்படித் துள்ளக்கூடாது. அதற்குத்தானே இந்தப் பாடு.

ஸ்டேஷனில் காதில் விழுந்தது. ஒருவர், “சலுகை விலை எண்ணெய்க் கோட்டா மாசக் கடைசிக்கு முன்னயே முடிஞ்சிருது லா.” இன்னொருவர், “அந்தப் பெட்டி ஒண்ணு விக்கிறாங்களே, வேன் ஓட்டுற அக்கா படம் போட்டு.” குனிந்துகொண்டு வேனுக்குள் ஏறினேன்.

ஜூலை 8, புதன்

10.2. வெறும் சார்ஜர் போல. அல்லது போக்குவரத்து. பெம்பான் சாலையில் ரோடு போடுகிறார்கள்.

பா. அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஏதாவது தெரிகிறதா என்று. மல்லியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார், “என்னைப் பாக்காதேம்மா. எனக்கு ரகசியம் தாங்காது.”

இவர் இரண்டு நாளாக அளவாகத்தான் பேசுகிறார். சாப்பாடு, தண்ணீர், கேட் சாவி. காலையில் எனக்கு முன்னால் எழுந்து வேன் டயரின் காற்றைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். சொல்லவில்லை. பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் தெரிந்தது.

ஜூலை 9, வியாழன்

9.8. வெயில், புகைமூட்டம் மாதிரி வானம்.

சாயங்காலம் ஐந்தரை. தேவி போனில், “அக்கா, காடி பெம்பான் ரோட்டுல நின்னுருச்சி. ஸ்டார்ட்டே ஆகல. லோரியெல்லாம் ஹார்ன் அடிச்சிக்கிட்டே போறாங்க. பயமா இருக்கு.”

இங்கே நான் உண்மையை எழுதவேண்டும். முதலில் எனக்குத் தோன்றியது தேவி இல்லை. வேனை எடுத்தால் கிலோமீட்டர் மாறிவிடுமே, பரிசோதனை கெட்டுவிடுமே என்றுதான் தோன்றியது. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றேன். ஒரு பெண் நடுரோட்டில் நிற்கிறாள், நான் லிட்டரை நினைத்து நிற்கிறேன்.

இவர் பார்த்தார். “மோட்டார்ல ஏறு” என்று தன் மோட்டார் சைக்கிளைத் தள்ளி வந்தார்.

போனோம். தேவி காரின் மறுபக்கம், செம்பனை மரத்தடியில். அழுது முடித்த முகம். காருக்குள் பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. இவர் ஒரு லோரிக்காரரைப் பிடித்து, கயிறு கட்டிப் பட்டறைக்கு இழுத்துப் போக ஏற்பாடு செய்தார். பட்டறை போர்மேன், வயதான சீனர், பிளக்குகளைக் கழற்றிக் கையில் வைத்துக் காட்டினார். நுனி கரிந்து தேய்ந்துபோயிருந்தது. ஏர் பில்டர் அழுக்கில் அடைத்துக் கிடந்தது.

“லாமா சுடா,” என்றார் மலாயில், ரொம்ப நாளாகிவிட்டது என்று. எப்போதோ மாற்றியிருக்கவேண்டும்.

தேவி என்னைப் பார்க்கவில்லை. நான்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

ஜூலை 10, வெள்ளி

10.3. மழை, கடைசியில். வைப்பர் ஒன்று கீச்சிடுகிறது, மாற்றவேண்டும்.

வாங்கவேண்டியது: வைப்பர், சீனி, இவருக்குத் தலைவலித் தைலம், டுரியான்.

ஜூலை 13, திங்கள்

வெள்ளிக்கிழமை ஓட்டம் 10.4. இதுவரை இதுதான் அதிகம். மழை, ஈரச் சாலை, லைட், வைப்பர். ஒரு நாள் கணக்கை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது என்று இவர் சொன்னது இப்போது புரிகிறது. எதையும் எதற்கும் காரணமாக்கிவிடலாம்.

வெள்ளிக்கிழமை வரும் வழியில் வாங்கிய டுரியானின் கொட்டை வேனில் இரண்டு கிடந்திருக்கிறது. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

ஜூலை 14, செவ்வாய்

9.7! இதுவரை இதுதான் குறைவு. துள்ளவில்லை. கொஞ்சம் துள்ளினேன்.

மத்தியானம் தேவி. குரலே வேறு மாதிரி.

“அக்கா, காடி புதுசு மாதிரி ஓடுது! எண்ணெயும் குறைஞ்சிருச்சி. முன்னே வாரத்துக்கு ரெண்டு தடவை அடிப்பேன், இப்போ முள்ளு எறங்கவே இல்ல. நீங்க சொன்னது சரிக்கா. பெட்டி வேலை செய்யுது!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “பிளக் மாத்துனியே தேவி. பில்டர் மாத்துனியே.”

“அது காடி ஓடுறதுக்குக்கா. மிச்சத்துக்குப் பெட்டி. உங்க தம்பியும் அதான் சொன்னாரு. ஞாயித்துக்கிழமை நானும் பேசுறேன்னு சொல்லிட்டேன்.”

போனை வைத்தபிறகு சோற்றுப் பானையை இறக்க மறந்தேன். அடி பிடித்துவிட்டது.

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் தொல்லை. நானும் ஜூனில் பொய் சொல்லவில்லையே.

ஜூலை 15, புதன்

10.2. வெயில்.

சரவணன் கடைக்கே வந்துவிட்டான், பேச்சை ஒத்திகை பார்க்க. வேனுக்குள் எட்டிப் பார்த்தான்.

“என்னக்கா இது, பெட்டிக்குத் துணி போர்த்தி வச்சிருக்க?”

“விளக்கு கண்ணைக் கூசுது.”

இப்படிச் சட்டென்று பொய் வருமென்று எனக்கே தெரியாது. பா. அக்கா உள்ளே அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிப்புதான்.

சரவணன் இளைத்திருக்கிறான். புதுச் சட்டை, கழுத்துப் பட்டை பெரிதாகத் தெரிகிறது. கவிதாவுக்கு ஸ்கேன் எடுத்தார்களாம், பிள்ளை நன்றாக உதைக்கிறதாம். அதைச் சொல்லும்போது மட்டும் பழைய சரவணன். பிறகு தாளைப் பிரித்து, “இங்க நிறுத்தி, சிரிச்சி, ‘என் குடும்பமே மாறிருச்சி’ன்னு சொல்லணும்க்கா” என்றான்.

ஜூலை 16, வியாழன்

9.9. தலைவலி. இவருக்கு வாங்கிய தைலத்தை நான் தேய்த்துக்கொண்டேன்.

ஜூலை 17, வெள்ளி

10.3. கடைசி ஓட்டம் இன்று. பா. அக்கா பையைக் கட்டிவிட்டு வந்து, “முடிஞ்சிதும்மா. இனிமே நிம்மதியாப் பாக்கலாம் உன் முகத்தை” என்றார்.

ஜூலை 18, சனி

பள்ளி இல்லை. ஆனாலும் கடைசி நாள் ஓட்டம் சரியாக இருக்கவேண்டுமே. காலை ஐந்தே முக்காலுக்கு வெறும் வேனை எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாக நிறுத்தி, கதவைத் திறந்து மூடி, ஜாசின் போனேன். ஒரு தோட்டத்தில் வாசல் கூட்டிக்கொண்டிருந்த அம்மா, “இன்னிக்கி லீவு லா!” என்று கத்தினார். கையை ஆட்டிவிட்டு ஓட்டினேன். பிள்ளைகளின் கனம் அரை நாளுக்கு இல்லை, அது ஒரு ஓட்டைதான். போகட்டும்.

10.1.

பா. அக்கா கடன் நோட்டைத் திருப்பி என் முன்னால் வைத்தார். கடைசிப் பக்கம். ‘வி’ என்றால் விளக்கு, ‘சா’ என்றால் சார்ஜர். என் எண்களைப் பக்கத்தில் எழுதினேன்.

விளக்கு: 10.2, 9.8, 10.4, 9.9, 10.3. ஐந்து நாளுக்கு 50.6.
சார்ஜர்: 10.0, 10.3, 9.7, 10.2, 10.1. ஐந்து நாளுக்கு 50.3.

மூன்று முறை கூட்டினேன். பா. அக்கா கல்குலேட்டரில் நாலாவது முறை. வித்தியாசம் ஒரு கோப்பைத் தேத்தண்ணீர். அதுவும் சார்ஜர் பக்கம். துள்ளினேனே அந்த 9.7, அன்று உள்ளே இருந்தது பழைய போன் சார்ஜர்.

பதினொன்றரையிலிருந்து பத்துக்கு வந்தது உண்மை. பெட்டி இல்லாமலும் வருகிறது.

நேராகச் சரவணன் வீடு. கவிதா படுத்திருந்தாள். வாசலில் நின்றே சொன்னேன், எல்லாவற்றையும். கறுப்புப் பை உட்பட.

“நீ எனக்கு அக்காவா, இல்ல மாமா அனுப்பின ஆளா?”

“அவருக்கு இதுல ஒண்ணும் இல்லடா. நானே ஓட்டினேன், நானே எழுதினேன்.”

“என் காடியிலயும் மிச்சமாவுது, தெரியுமா?”

“காத்தடிச்சியா? மெதுவா ஓட்டினியா?” என்றேன். “நீயும் பத்து நாள் பை கட்டி ஓட்டிப் பாரு. கவிதா மாட்டட்டும்.”

“வேணாம்.”

“ஏன்டா?”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “பாத்துட்டு, ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சிட்டா, நாளைக்குக் காலையில நான் எழுந்து எங்கக்கா போறது?”

அவன் தலையில் கைவைக்கப் போனேன். தட்டிவிட்டான். பிறகு, “பேசாட்டியும் பரவால்ல. வந்து உக்காரவாவது செய். படம் போட்டிருக்கேன்” என்றான்.

ஜூலை 19, ஞாயிறு

ஜாசினில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடி. ஏர்கான் ஓடியும் வேர்வை. அறுபது, எழுபது பேர். இவரும் வந்தார், நான் கூப்பிடாமலே. கடைசி வரிசையில் என் பக்கத்தில்.

ஜொகூரிலிருந்து வந்த தலைவர், கோட்டுப் போட்டவர், மேடையில் நடந்துகொண்டே பேசினார். பிறகு தேவி. நல்ல புடவை கட்டியிருந்தாள். ரோட்டில் நின்றதைச் சொன்னாள், இப்போது புதுசு மாதிரி ஓடுவதைச் சொன்னாள். பிளக்கைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை அவள், அது ஒரு விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. கைதட்டல் அடங்க நேரமானது. எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் மனைவியிடம் “பட்டறைக்குப் போறதுக்குப் பதிலா இதை வாங்கிரலாம்” என்றது எனக்குக் கேட்டது.

அது கேட்டிராவிட்டால் நான் எழுந்திருக்கவே மாட்டேன்.

“நம்ம வேன் அக்கா!” என்று தலைவரே கூப்பிட்டார். எல்லாரும் திரும்பினார்கள். நடந்து போனேன். மைக் ஈரமாக இருந்தது. சரவணன் சுவரோரம், கைகட்டி.

சொன்னேன். “என் வேன்ல எண்ணெய் மிச்சமாவுது. பெட்டி மாட்டின அன்னிக்கே டயருக்குக் காத்தடிச்சோம், சாமானை எறக்கினோம், நான் மெதுவா ஓட்ட ஆரம்பிச்சேன். அப்புறம் பெட்டி இருக்கா இல்லையான்னு தெரியாம பத்து நாள் ஓட்டிப் பாத்தேன். ரெண்டும் ஒண்ணுதான். மிச்சம் பெட்டியால இல்ல. என்னை நம்பி வாங்கினவங்க என்னை மன்னிக்கணும். காடி ஆடுச்சின்னா பட்டறைக்குப் போங்க.”

எங்கோ நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. அப்புறம் தலைவர் சிரித்தார். மைக்கை என் கையிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டார்.

“பாருங்க, அக்கா எவ்வளவு நேர்மை! மிச்சமாவுதுன்னு அவங்களே சொல்றாங்க. காத்து, மெதுவா ஓட்டறது, நம்ம பெட்டி, மூணும் சேர்ந்ததுதான் நம்ம முறை! கைதட்டுங்க!”

தட்டினார்கள். எனக்காகத் தட்டினார்கள்! நான் படியிறங்கும்வரை தட்டினார்கள்.

சுவரோரம் பார்த்தேன். சரவணன் இல்லை.

வேனில் ஏறியதும் சாவியை இவரிடம் கொடுத்தேன். “நல்லாத்தான் பேசின” என்றார். “யாருக்குக் கேட்டுச்சி?” என்றேன். “கேட்டவன் வெளியே போயிட்டான்” என்றார்.

ஜூலை 20, திங்கள்

புழுக்கம். இரண்டு பெற்றோர் வாசலில் நிறுத்திக் கேட்டார்கள், “அந்தப் பெட்டி எங்க கெடைக்கும் டீச்சர்?” கூட்டத்தில் எடுத்த வீடியோவைப் பார்த்தார்களாம். ‘என் வேன்ல எண்ணெய் மிச்சமாவுது’ என்பதோடு வெட்டியிருக்கிறார்கள்.

நின்று இரண்டு பேருக்கும் முழுக்கச் சொன்னேன். பள்ளி மணி அடித்துவிட்டது, பிள்ளைகள் ஓடினார்கள்.

பெட்டியை எடுத்து இவரிடம் கொடுத்தேன். திருப்புளியால் பிளந்தார். உள்ளே ஒரு சின்னப் பச்சை விளக்கு, கடுகு மாதிரி இரண்டு மூன்று சாமான், மற்றபடி வெற்றிடம். “விளக்கு எரியுது. அது மட்டும் நிஜம்” என்றார்.

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, “ஆலையில ஸ்டோருக்கு ஆள் கேக்குறாங்க. உன் தம்பிகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாத. நோட்டீஸ் போர்டுல பாத்தேன்னு சொல்லு.”

“அன்னிக்கி உங்களை வேணாம்னு சொன்னேனே...” என்று ஆரம்பித்தேன்.

“டுரியான் மிச்சம் இருக்கா?” என்றார்.

சரவணனுக்கு நாலு முறை போன் அடித்தேன். எடுக்கவில்லை. கவிதா எடுத்தாள். “சாப்பிடல அண்ணி. சும்மா உக்காந்திருக்காரு.”

ஜூலை 21, செவ்வாய்

காலை ஐந்தரை. கேட்டைத் திறந்தால் சரவணன். அதே புதுச் சட்டை, கசங்கியிருந்தது. முன்சீட்டில் ஏறினான். வண்டியை எடுத்தேன்.

தோட்டம் தோட்டமாகப் போனோம். மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கி, பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டான். ஒரு சின்னப் பெண்ணின் பையை வாங்கி மேலே வைத்தான். “இவரு யாரு டீச்சர்?” “என் தம்பி.” “இவரும் டீச்சரா?” அவன் உதடு லேசாக அசைந்தது.

பிள்ளைகளை இறக்கியபிறகு பேசினான். “எட்டுப் பேரு வீட்டுக்கும் போகணும். சாமானைத் திரும்ப வாங்கிக்கிறேன். நீ பேசுக்கா. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

“நான் பேசமாட்டேன். நான்தான் ஞாயித்துக்கிழமையே பேசிட்டேனே.”

சட்டைப் பையிலிருந்து எட்டுப் பேர் பட்டியலை எடுத்துப் பார்த்தான். “முதல்ல தேவி வீடு” என்றான்.

தேவிக்குக் காலை ஷிப்ட், நாலு மணிக்கு வீட்டில் இருப்பாள். அதுவரை பா. அக்கா கடையில் உட்கார்ந்து மிளகாய் பொட்டலம் கட்டினான். அக்கா அவனிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாப்பாடு மட்டும் வைத்தார். சாப்பிட்டான். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

நாலேகால். தேவி கதவைத் திறந்தாள், தலையில் துண்டு. சரவணன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே, “நான் உங்ககிட்ட தப்பா சொல்லிட்டேன். அந்தப் பெட்டியில ஒண்ணும் இல்ல. எஞ்சினைக் கிளீன் பண்ணும்னு சொன்னது எனக்கே தெரியாம சொன்னது. உங்களை ரோட்டுல நிக்க வச்சிட்டேன்.”

தேவி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மகள் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ பாட்டு.

“அப்போ காடி இப்போ நல்லா ஓடுறது?”

“பிளக்கு. பில்டர்.”

“எண்ணெய் குறைஞ்சது?”

“அதே பிளக்குதான்.”

“அன்னிக்கி போர்மேன் இன்னும் ஏதேதோ மாத்தணும்னாரு. இல்ல, பிளக்கும் பில்டரும் மட்டும் மாத்துங்க போதும்னு நான்தான் சொன்னேன். எல்லாரும் பெட்டி, பெட்டின்னீங்க. மேடையில நானும் அதையே சொன்னேன்.” துண்டை அவிழ்த்து தோளில் போட்டாள். “அப்போ காடி நல்லா ஓடுறது நான் பண்ணதா?”

“ஆமா,” என்றான் சரவணன். “நீங்க பண்ணது.”

காருக்குப் போனாள். பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவன் கையில் வைத்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. “ரெண்டு பேரும் உள்ள வந்து தேத்தண்ணி குடிங்க. அப்புறம்தான் உங்களைத் திட்டுவேன்” என்றாள்.

குடித்தோம். திட்டினாள், நன்றாகவே. வெளியே வந்தபோது ஐந்தே கால், வானம் கறுத்திருந்தது. இன்னும் ஏழு வீடு. அடுத்தது யார் என்று கேட்டேன். சரவணன் பட்டியலைப் பார்க்காமலே பெயரைச் சொன்னான்.